மூடப்பட்ட மென்பொருள் சந்தாக் கணக்கை மீட்டெடுப்பது எப்படி?

நேற்று வரை திறந்த மென்பொருள் இன்று காலையில் "இந்தக் கணக்கு மூடப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரியைக் காட்டி நின்றுவிட்டால், பதற்றத்தில் பெரும்பாலோர் செய்யும் காரியங்கள் இரண்டு. அதே மின்னஞ்சல் முகவரியில் உடனே புதிய கணக்கு தொடங்குவது ஒன்று. வங்கியை அழைத்து, கடைசியாகப் பிடிக்கப்பட்ட சந்தாத் தொகையின் மீது தகராறு பதிவு செய்வது மற்றொன்று. இரண்டும் இயல்பானவைதான் என்றாலும், பழைய கணக்குக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடக் கூடியவை. புதிய கணக்கு தொடங்கியதும் அந்த முகவரி அதனோடு பிணைந்துவிடுவதால், பழையதைத் திறக்க முன்வரும் ஊழியர் முதலில் முட்டிக்கொள்வது "இம்முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற தடையில்தான். வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெற்றாலோ, பல நிறுவனங்களின் தானியங்கி அமைப்பு அதை மோசடியின் அறிகுறியாகப் பதிந்துகொண்டு, வெறுமனே காலாவதியாகியிருந்த கணக்கையும் பூட்டிவிடுகிறது. ஆகவே முதல் அரை மணி நேரத்தைப் படிப்பதற்கும் குறித்துக்கொள்வதற்கும் மட்டுமே ஒதுக்குங்கள்.

முதல் படி: எந்த வகை மூடல் என்று கண்டறியுங்கள்

"மூடப்பட்டது" என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மீட்கும் வழியும் காலக்கெடுவும் வேறு என்பதால், வகையைத் தெரிந்துகொள்ளாமல் எழுதப்படும் கோரிக்கைகள் தவறான மேசைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு மேசைக்குத் தள்ளப்பட்டு, கையில் இருக்கும் கொஞ்ச நாளையும் தின்றுவிடுகின்றன.

மிகச் சாதாரணமானது, கட்டணம் செல்லாததால் சந்தா நின்றுபோன நிலை. கார்டு காலாவதியாகியிருக்கலாம், வங்கி புதிய கார்டு அனுப்பியிருக்கலாம், அல்லது தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கான அனுமதியை வங்கியே நிராகரித்திருக்கலாம். இந்நிலையில் கணக்கு உயிரோடுதான் இருக்கிறது. சந்தா மட்டுமே நின்றிருக்கிறது. நிறுவனங்களும் முதல் தோல்வியிலேயே கைவிடுவதில்லை. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வழியாக எடுத்த சந்தா என்றால், கட்டணத்தை மீண்டும் பிடிக்கும் முயற்சி 60 நாட்கள் வரை தொடர்கிறது. கட்டண விவரத்தைப் புதுப்பித்தால் போதும் என்பதால், இந்த வகையில் சிக்கியவர் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, கணக்கை நீங்களே மூடியது. சந்தாவை ரத்து செய்வதும் கணக்கை நீக்குவதும் வேறு வேறு செயல்கள் என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. அடுத்த மாதக் கட்டணம் வேண்டாம் என்று நினைத்து, அமைப்புகள் பக்கத்தில் கண்ணில் பட்ட "கணக்கை நீக்கு" என்ற பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு கோப்புகளைத் தேடுகிறவர்கள் இவ்வகையினர். ஆப்பிள் தன் ஸ்டோரில் உள்ள செயலிகளுக்கு, பயனர் கணக்கு தொடங்கும் வசதி இருந்தால் நீக்கும் வசதியும் செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. அது பயனருக்கு நன்மை செய்யும் விதிதான். அந்தப் பொத்தான் விரலுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நெடுநாள் பயன்படுத்தாததால் நிறுவனம் மூடியது. கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்த கொள்கையின்படி, 2 ஆண்டுகள் எவ்விதப் பயன்பாடும் இல்லாத தனிநபர் கணக்குகளை நீக்கும் உரிமை அதற்கு உண்டு. அந்த நீக்கம் அதே ஆண்டு டிசம்பருக்கு முன் தொடங்காது என்றும் அது சொல்லியிருந்தது. நான்காவது, விதிமீறல் அல்லது சந்தேகத்துக்குரிய உள்நுழைவு காரணமாக முடக்கப்பட்டது. இங்கே பணம் செலுத்துவதால் ஒன்றும் ஆகாது. மேல்முறையீடு மட்டுமே வழி. ஐந்தாவது, கணக்கு உண்மையில் உங்களுடையதாகவே இல்லாத நிலை: அலுவலகமோ கல்வி நிலையமோ தந்த கணக்கை அதன் நிர்வாகி முடக்கியிருப்பார், அதைப் பற்றி மென்பொருள் நிறுவனத்திடம் எத்தனை முறை கேட்டாலும் "உங்கள் நிர்வாகியை அணுகவும்" என்பதே பதிலாக வரும்.

எந்த வகை என்பதை அறிய, நிறுவனத்திடமிருந்து கடைசியாக வந்த மின்னஞ்சல்களைத் தேடி எடுங்கள். ஸ்பேம் பெட்டியையும் விளம்பர அஞ்சல்கள் தனியாகச் சேரும் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். அந்த மடலில் "காலாவதி", "ரத்து", "இடைநிறுத்தம்", "முடக்கம்", "நீக்கம்" ஆகியவற்றுள் எந்தச் சொல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை அப்படியே ஒரு தாளில் எழுதி, அருகில் அந்த மடலின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் வரும் பிழைச் செய்தியையும், அதில் ஏதேனும் எண் இருந்தால் அந்த எண்ணோடு சேர்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளை அதே செய்தி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இரண்டாம் படி: நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மீட்பு என்பது பெரும்பாலும் நாள் கணக்கோடு நடக்கும் ஓட்டம். மூடிய கணக்கை நிறுவனங்கள் உடனே அழிப்பதில்லை. ஒரு சலுகைக் காலம் வரை அதைக் கிடப்பில் போட்டு வைக்கின்றன. மைக்ரோசாப்ட் கணக்கை மூடும்போது 30 நாள் அல்லது 60 நாள் என்று பயனரே தேர்ந்தெடுக்கிறார். அந்தக் காலத்துக்குள் மீண்டும் உள்நுழைந்து அடையாளத்தை உறுதிப்படுத்தினால் கணக்கு திறந்துகொள்ளும், கடந்துவிட்டால் நிரந்தரமாக அழியும். ஆப்பிள் கணக்கை நீக்கக் கோரினால், கோரிக்கையைச் சரிபார்க்க 7 நாட்கள் வரை ஆகும் என்று அந்நிறுவனம் சொல்கிறது. கோரிக்கையின்போது தரப்படும் அணுகல் குறியீடு கையில் இருந்தால், அந்த இடைவெளியில் உதவிப் பிரிவை அழைத்துக் கோரிக்கையைத் திரும்பப் பெற வாய்ப்புண்டு. நீக்கம் நிறைவேறிய பிறகு ஆப்பிளாலும் அதைத் திறக்க இயலாது.

அலுவலகக் கணக்குகளுக்கான கெடுவும் இதைப் போன்றதே. கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கப்பட்ட பயனரை நிர்வாகி 20 நாட்களுக்குள் மீட்கலாம். மைக்ரோசாப்ட் 365 நிறுவனக் கணக்கில் அது 30 நாட்கள். உங்கள் மென்பொருளுக்கு என்ன கெடு என்பது அதன் உதவிப் பக்கத்திலோ, பயன்பாட்டு விதிமுறைகளில் "முடிவுறுத்தல்" பற்றிய பகுதியிலோ இருக்கும். அதைக் கண்டுபிடித்து, மூடல் மடலின் தேதியோடு கூட்டிக் கடைசி நாளை நாட்காட்டியில் குறியுங்கள். கெடு நெருங்கிவிட்டது என்று தெரிந்தால், பின்வரும் படிகளில் சிலவற்றைத் தாண்டி, நேரே கோரிக்கை மடலை அனுப்பிவிடுவதே நல்லது. ஆதாரங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: வேறு கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்

இந்தப் படியில் சற்று நிதானிக்க வேண்டும். ஏனெனில் "என் கணக்கை மூடிவிட்டார்கள்" என்ற புகார்களில் கணிசமானவற்றில் கணக்கு திறந்தே இருக்கும். பயனர்தான் வேறொரு முகவரியைக் கொடுத்து உள்ளே போக முயன்றுகொண்டிருப்பார்.

முதலில், எவ்வாறு பதிவு செய்தீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். "கூகுள் மூலம் தொடர்க" என்ற பொத்தானை அழுத்திப் பதிவு செய்திருந்தால், அந்த மென்பொருளில் உங்களுக்குக் கடவுச்சொல் என்ற ஒன்றே இருந்திருக்காது. இப்போது மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்தால் "தவறு" என்றுதான் வரும். ஆப்பிளின் உள்நுழைவு வசதியில் "ஹைடு மை ஈமெயில்" என்ற தேர்வைச் செய்திருந்தால் நிலைமை இன்னும் விசித்திரமானது: அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் உண்மையான முகவரியே இல்லை, ஆப்பிள் உருவாக்கிக் கொடுத்த, பொருளற்ற எழுத்துக் கோவையாலான ஒரு முகவரிதான் இருக்கிறது. நீங்கள் உண்மை முகவரியைக் கொடுத்து எழுதினால், உதவி ஊழியர் தேடிப் பார்த்துவிட்டு "அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை" என்று மனமறிந்து உண்மையையே சொல்வார். ஐபோனின் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டி உள்ளே சென்றால், ஆப்பிள் உள்நுழைவைப் பயன்படுத்திய செயலிகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட முகவரியும் கிடைக்கும்.

ஜிமெயில் முகவரியில் வரும் புள்ளிகள் இன்னொரு பொறி. பயனர் பெயரின் நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஜிமெயிலுக்கு அது ஒரே பெட்டிதான். ஆனால் பல மென்பொருள் நிறுவனங்களின் பதிவேட்டில் அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். பதிவு செய்த நாளில் புள்ளியோடு எழுதி, இன்று புள்ளியின்றி எழுதினால் கணக்கு இல்லை என்றே காட்டும். பழைய ரசீது மடலைத் திறந்து, பெறுநர் என்ற இடத்தில் முகவரி எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள்; அதை நகலெடுத்து உள்நுழைவுப் பெட்டியில் ஒட்டுங்கள்.

அடுத்து, பணம் யாருக்குப் போனது என்பதைக் கவனியுங்கள். சந்தாவை ஆப்பிள் அல்லது கூகுள் பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால், பணத்தை வாங்கியது ஸ்டோர். கணக்கை வைத்திருப்பது மென்பொருள் நிறுவனம். ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றொன்றில் தானாக நடந்துவிடாது. கணக்கை நீக்கிய பிறகும் ஸ்டோர் மாதந்தோறும் பணம் பிடித்துக்கொண்டே இருப்பதுண்டு. சந்தா நடப்பில் இருக்க, செயலி மட்டும் "சந்தா இல்லை" என்று சாதிப்பதும் உண்டு. இரண்டாவது நிலையில், செயலியின் கட்டணப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் "வாங்கியவற்றை மீட்டெடு" என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். மணிக்கணக்கான மடல் போக்குவரத்தை ஒரே அழுத்தில் தவிர்க்கும் பொத்தான் அது. வாங்கிய நாளில் போனில் எந்த ஸ்டோர் கணக்கு இருந்ததோ அதே கணக்கு இப்போதும் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

நான்காம் படி: அடையாளத்தை உறுதிப்படுத்தும் கருவிகளைத் திரட்டுங்கள்

கணக்கு இருக்கிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை என்றால், சிக்கல் இரண்டடுக்குச் சரிபார்ப்பில், அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறையில் இருக்கலாம். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வரைகலை மென்பொருள் ஒன்றின் கணக்கில், ஆத்தென்டிகேட்டர் என்ற, உள்நுழைவுக் குறியீடுகளை உருவாக்கும் போன் செயலி காட்டிய ஆறு இலக்கக் குறியீட்டை ஒரு மாலை முழுவதும் அடித்து அடித்து, ஒவ்வொரு முறையும் "தவறான குறியீடு" என்று வந்ததால், கணக்கையே முடக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, காரசாரமாக ஒரு மடலையும் எழுதத் தொடங்கிவிட்டேன். கடைசியில் சுவர்க் கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான், போன் நான்கு நிமிடம் முந்திக்கொண்டிருந்தது தெரிந்தது. தானாக நேரம் அமைக்கும் வசதியை என்றைக்கோ நானே அணைத்து வைத்திருக்கிறேன். அக்குறியீடுகள், 2011இல் வெளியான ஆர்எப்சி 6238 என்ற தர வரையறையின்படி, ரகசியச் சாவியோடு நடப்பு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுபவை. வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை மாறுபவை. போனின் கடிகாரம் சில நிமிடம் பிசகினாலே, அது காட்டும் குறியீடு அந்த நேரத்துக்கு உரியதாக இருக்காது. தானியங்கி நேரத்தை இயக்கிய மறுகணம் கணக்கு திறந்தது, மடலை அழித்துவிட்டேன்.

போனே தொலைந்துவிட்டது அல்லது எண் மாறிவிட்டது என்றால், போன் இல்லாமலே உள்நுழைவதற்காக முன்கூட்டியே தரப்படும் காப்புக் குறியீடுகளைத் தேடுங்கள். கூகுள் ஒரு தொகுப்புக்கு 10 குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். வேறு பல சேவைகளும் பதிவின்போது இத்தகைய குறியீடுகளை ஒரு சிறு கோப்பாகப் பதிவிறக்கச் சொல்லியிருக்கும். கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில் "ரெக்கவரி", "பேக்கப்" ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் எழுதித் தேடினால், பலருக்கு அது இன்னும் அங்கேயே கிடப்பது தெரியவரும்.

எல்லாப் பாதுகாப்பு விவரங்களையும் இழந்து, புதியவற்றைப் பதிய வேண்டிய நிலை வந்தால் காத்திருப்புக் காலத்துக்கு ஆயத்தமாகுங்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். கணக்கைத் திருடியவர் உடனடியாக அதைக் கைப்பற்றிவிடாமல், உண்மையான உரிமையாளர் தடுப்பதற்கு அவகாசம் தரும் ஏற்பாடு அது. அந்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் புதிய கோரிக்கை கொடுப்பது பயன் தராது.

பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியே செத்துப்போயிருந்தால் முதலில் அதை உயிர்ப்பிக்க முடியுமா என்று பாருங்கள். சொந்த டொமைனில் (நீங்களே பதிவு செய்த இணையப் பெயரில்) இருந்த முகவரி என்றால், டொமைன் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும், டாட் காம் போன்ற பொது டொமைன்களில், பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ள 30 நாள் மீட்புக் காலம் உண்டு. முன்னாள் அலுவலகத்தின் முகவரி என்றால், அங்குள்ள நிர்வாகி சில நாட்களுக்கு மட்டும் மடல்களை உங்களுக்குத் திருப்பிவிட இயலுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் குறையொன்றுமில்லை; அவர் மறுத்தால் அது அவருடைய உரிமை.

அதோடு, நீங்கள்தான் உரிமையாளர் என்று காட்டும் சான்றுகளை ஒரே கோப்புறையில் சேருங்கள்: இன்வாய்ஸ் அல்லது ரசீது, ஆர்டர் எண் (கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால் அது ஜி, பி, ஏ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும்), வங்கிப் பட்டியலில் அத்தொகை தெரியும் வரி, கார்டின் கடைசி 4 இலக்கங்கள், கணக்கு தொடங்கிய தோராயமான மாதம். கார்டின் முழு எண்ணையும் பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையும் எங்கும் அனுப்ப வேண்டாம். வங்கிப் பட்டியலை அனுப்ப நேர்ந்தால், தேவையான ஒரு வரியைத் தவிர மற்றவற்றைக் கறுப்பு பூசி மறைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கோரிக்கை மடலை எழுதுங்கள்

நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே உலாவியில் தட்டச்சு செய்து, அங்குள்ள உதவிப் பக்கத்தின் வழியாகவே எழுதுங்கள். தேடுபொறியில் "வாடிக்கையாளர் சேவை எண்" என்று தேடி முதலில் கிடைக்கும் எண்ணை அழைப்பது ஆபத்தானது. கணக்கை இழந்து தவிப்பவர்களைக் குறிவைத்துப் போலி உதவி எண்களை விளம்பரமாக வெளியிடுவது மோசடிக்காரர்களின் வாடிக்கை. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்பவர், உங்கள் கணினியை அவர் இயக்குவதற்கான செயலியை நிறுவச் சொல்பவர், "மீட்புக் கட்டணம்" என்று கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்பவர் ஆகிய எவரும் உண்மையான ஊழியர் அல்லர்.

மடல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"பொருள்: மூடப்பட்ட கணக்கை மீளத் திறக்கக் கோரிக்கை, இன்வாய்ஸ் எண் …

வணக்கம். … என்ற மின்னஞ்சலில் பதிவான என் கணக்கு மார்ச் 3 அன்று மூடப்பட்டதாக உங்களிடமிருந்து அறிவிப்பு வந்தது. ஆண்டுச் சந்தாத் தொகை பிப்ரவரி 27 அன்று, … என்ற இலக்கங்களில் முடியும் கார்டிலிருந்து பிடிக்கப்பட்டுள்ளது. கணக்கை மூடும்படி நான் கோரவில்லை. அதை மீளத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், மூடியதற்கான காரணத்தையும், என் கோப்புகள் எந்த நாள் வரை உங்கள் சேமிப்பில் இருக்கும் என்பதையும் தெரிவிக்கவும். அறிவிப்பு மடல், இன்வாய்ஸ், பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இணைத்துள்ளேன்."

இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. எத்தனை ஆண்டுகளாக வாடிக்கையாளராக இருக்கிறீர்கள், இந்தத் தடங்கலால் என்னென்ன வேலை கெட்டது என்பவையெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், ஒரு நாளைக்குப் பல மடல்களைப் படித்துப் பிரிக்கும் ஊழியருக்கு அவை பயன்படுவதில்லை. அவருக்கு வேண்டியவை கணக்கைத் தேடி எடுக்கும் முகவரி, பணம் வந்ததைக் காட்டும் எண், நீங்கள் கேட்பது என்ன என்ற ஒரு வாக்கியம். கோப்புகள் எந்த நாள் வரை இருக்கும் என்ற கேள்வியை மட்டும் தவறாமல் சேருங்கள். கணக்கைத் திறப்பதாக அவர்கள் உறுதி தராவிட்டாலும், இக்கேள்விக்கு ஒரு தேதியைப் பதிலாகத் தந்துவிட்டால், அந்தத் தேதிக்கு அவர்கள் பொறுப்பாகிவிடுகிறார்கள். நிறுவனம் ஆங்கிலத்தில் மட்டுமே பதிலளிக்கும் என்றால், இதே வரிசையில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் போதும்.

கணக்கு விதிமீறலுக்காக முடக்கப்பட்டிருந்தால் மடலின் போக்கு மாற வேண்டும். எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்களோ அதன் பெயரைக் குறிப்பிட்டு, நடந்தது என்ன என்பதை நேராகச் சொல்லுங்கள். ஒரே உரிமத்தை அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமான கணினிகளில் நிறுவியது உண்மையென்றால், அதை ஒப்புக்கொண்டு, எந்தக் கணினிகளிலிருந்து நீக்கிவிட்டீர்கள் என்பதைச் சொல்வதே பலன் தரும். நிறுவனத்திடம் உள்நுழைவுப் பதிவுகள் இருக்கின்றன. மறுப்பதால் நம்பகத்தன்மைதான் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு இதில் ஒரு சட்டத் துணையும் உண்டு: 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி, ஆன்லைன் தளங்கள் ஒரு கணக்கை விதிமீறலுக்காக முடக்கினால் அதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், சிறு நிறுவனங்கள் நீங்கலாக மற்றவை, முடிவை எதிர்த்து முறையிட 6 மாத அவகாசமும் தர வேண்டும்.

ஆறாம் படி: காத்திருங்கள், ஆனால் கணக்கு வைத்துக் காத்திருங்கள்

மடல் போனதும் ஒரு டிக்கெட் எண், அதாவது உங்கள் கோரிக்கைக்கான பதிவு எண் வரும். அதன் பிறகு எழுதுவதையெல்லாம் அதே மடலுக்குப் பதிலாகவே எழுதுங்கள். புதிய டிக்கெட் திறந்தால் வரிசையில் பின்னால் போய் நிற்க நேரிடலாம். இரண்டு ஊழியர்கள் ஒரே நேரத்தில் முரணான பதில்களை அனுப்பவும் கூடும். முதலில் வரும் பதில் அச்சடித்த வாய்ப்பாடாக, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாததாக இருந்தால் சினம் கொள்ள வேண்டாம். பல இடங்களில் அது தானியங்கியாகவே எழுதப்படுகிறது. "இந்தப் பதில் என் கேள்வியைத் தொடவில்லை, ஊழியர் ஒருவர் பார்க்குமாறு கோருகிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் திருப்பி எழுதுங்கள். மூன்று வேலை நாட்களுக்கு ஒருமுறை நினைவூட்டுவது போதுமானது. கெடு நெருங்கினால் மட்டும், கெடு தேதியைக் குறிப்பிட்டு அன்றாடம் எழுதலாம். தொலைபேசியில் பேசினால், பேசிய நேரத்தையும் அவர் சொன்னதையும் அன்றே அதே டிக்கெட்டில் மடலாகப் பதிந்துவிடுங்கள்.

கணக்கு திறந்தாலும் உள்ளடக்கம் திறக்காத மென்பொருள்களும் உண்டு. பிட்வார்டன், 1பாஸ்வேர்டு போன்ற கடவுச்சொல் மேலாண்மை மென்பொருள்களில் தரவு முழுவதும் பயனரின் தலைமைக் கடவுச்சொல்லை அடிப்படையாகக் கொண்டு மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்படுகிறது. அந்தக் கடவுச்சொல்லை நிறுவனம் வைத்திருப்பதில்லை. புரோட்டான் மெயிலில் கடவுச்சொல்லை மாற்றியமைத்துக் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். ஆனால் மீட்புச் சொற்றொடரோ மீட்புக் கோப்போ இல்லையென்றால் பழைய மடல்கள் மறையாக்கத்திலேயே கிடக்கும். இத்தகைய சேவைகளின் ஊழியரிடம் மன்றாடுவதால் பயனில்லை. அவர் மறுக்கவில்லை, அவரால் முடியாது. அந்த நேரத்தை, பழைய கணினி எதிலாவது அந்த மென்பொருள் இன்னும் உள்நுழைந்த நிலையில் இருக்கிறதா என்று தேடுவதில் செலவிடுங்கள்.

கணக்கு திறந்த பிறகும், திறக்காவிட்டாலும்

திறந்ததும் முதல் வேலை, எதையும் சரிபார்ப்பதற்கு முன், கோப்புகளைத் தரவிறக்கிக்கொள்வது. மீட்கப்பட்ட கணக்கு இரண்டாம் முறை மூடப்படுவது அரிதன்று. கட்டணத் தகராறு இன்னும் தீராமல் இருந்தாலோ, முடக்கம் தற்காலிகமாக மட்டுமே விலக்கப்பட்டிருந்தாலோ அது நிகழும். கூகுளின் டேக்கவுட் என்ற தரவிறக்க வசதியைப் போலப் பெரும்பாலான சேவைகளில் மொத்தமாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கும். அதை இயக்கிவிட்டு, பிறகு கட்டண முறை, மீட்பு மின்னஞ்சல், தொலைபேசி எண், காப்புக் குறியீடுகள் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே புதுப்பியுங்கள். பழைய காப்புக் குறியீடுகளைக் கிழித்துவிட்டுப் புதியவற்றைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். அதே கணக்குக்குள்ளேயே சேமித்து வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

கணக்கைத் திறக்கவே இயலாது என்று எழுத்தில் பதில் வந்துவிட்டால், கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது தரவு: கணக்கு வேண்டாம், கோப்புகளின் நகலை மட்டும் தாருங்கள் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்துகிறவர்கள், தம்மைப் பற்றிய தனிப்பட்ட தரவின் நகலைக் கோரினால், நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதிலளிக்க வேண்டும். சிக்கலான கோரிக்கையென்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்க முடியும். பிற இடங்களில் உள்ளவர்களும் கேட்கலாம். சில நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே நடைமுறையையே பின்பற்றுகின்றன. இரண்டாவது பணம்: பயன்படுத்த இயலாத காலத்துக்கு உரிய தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டு, அடுத்த கட்டணம் பிடிக்கப்படாதபடி ஸ்டோரின் சந்தாப் பட்டியலிலும் வங்கியின் தானியங்கிக் கட்டணப் பட்டியலிலும் சந்தாவை நீங்களே நிறுத்துங்கள்.

வங்கியில் தகராறு பதிவு செய்வதற்கான நேரம் இதுதான். நிறுவனம் மறுத்த மடலின் நகல் கையில் இருப்பதால், வங்கி கேட்கும் முதல் கேள்வியான "விற்பனையாளரை அணுகினீர்களா?" என்பதற்கு உங்களிடம் பதில் தயாராக இருக்கும். அதே மின்னஞ்சலில் புதிய கணக்கைத் தொடங்குவதும், மூடியது விதிமீறலுக்காக அல்ல என்றால், இனித் தடையற்றதே. அப்படியும் அந்த முகவரியைப் புதிய பதிவுக்கு ஏற்க மென்பொருள் மறுத்தால், பழைய பதிவை முற்றிலும் அகற்றி முகவரியை விடுவிக்குமாறு அதே டிக்கெட்டில் கேளுங்கள்.